மீன் அளவு நீலம்

என் மகாராணிக்கு,

பழைய ஃபைபர் படகை விற்கச் சொன்னாய், ஏற்பாடு செய்துவிட்டேன். உன் பேச்சை நான் கேட்பது இதுவே முதல் தடவை. தேதியைக் குறித்து வைத்துக்கொள்.

வாங்குகிறவர் பல் மருத்துவர். "வெளுத்துக் கிடக்கே சார், தொட்டா சுண்ணாம்பு மாதிரி கையில ஒட்டுது" என்றார். வெளுப்பைக் குறை சொல்லும் பல் மருத்துவரை இப்போதுதான் பார்க்கிறேன்.

பத்து நாளாகத் தண்ணீர் விட்டு உப்புத்தாளால் தேய்த்தேன், பிறகு பாலிஷ், பிறகு மெழுகு. பழைய நீலம் திரும்பிவிட்டது. என் முகத்துக்கும் முயன்று பார்க்கலாம்.

இடது பக்கத்தில் ஒரு சாண் இடத்தை மட்டும் தொடவில்லை. ஆறு வயதில் நம் பையன் அங்கே மீன் ஸ்டிக்கர் ஒட்டினான், நீகூடத் திட்டினாய். அவனைவிட நான்கு மாதம் அதிகமாக உயிரோடு இருந்துவிட்டு, போன மழையில் அது உதிர்ந்தது. அடியில் வெயில் படாததால், வெளுப்பின் நடுவே ஒரு நீல மீன் நிற்கிறது. சுற்றிலும் தேய்த்தால் எல்லாம் ஒரே நீலமாகி, மீன் தெரியாமல் போகும். என் வேலை அவ்வளவு சுத்தம்.

"இந்த இடத்தை மட்டும் ஏன் விட்டீங்க?"

"மெழுகு தீந்துபோச்சு டாக்டர்."

"அதுக்கென்ன, ஞாயித்துக்கிழமை ஒரு டப்பா வாங்கிட்டு வரேன்."

நல்ல மனிதர், என்ன செய்வது.

டப்பாவில் மெழுகு பாதிக்குமேல் இருக்கிறது. உன் அக்கா வீட்டிலிருந்து இரண்டு மணி நேரம்தானே, சனிக்கிழமை வா. தேய்க்கச் சொன்னால் தேய்க்கிறேன். ஆனால் துணியில் உன் கையும் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
இதுவரை உன் பேச்சைக் கேட்காதவன்