சீக்கிரம் ஓய்வு பெற்றவரின் சட்டை

அன்புள்ள அப்பாவுக்கு மகள் வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அம்மாவுக்கு இருமல் நின்றதா?

எங்கள் சலவைக்கடைக்கு ஒருவர் வருவார். நாற்பது வயதிலேயே வேலையை விட்டவர். அதைப் பீற்றிக்கொள்வதுதான் இப்போது அவருக்கு முழுநேர வேலை. நேற்று அவர் சட்டையை நான் தேய்த்துக்கொண்டிருந்தபோது, சேமிப்புக்கு வருகிற வட்டியிலேயே ராஜா மாதிரி வாழ்வதாக அளந்துகொண்டிருந்தார். நடுவில், "உங்கப்பா என்ன பண்றாரு?" என்று கேட்டார்.

"ஆட்டோ ஓட்டுறாரு."

"இந்த வயசுலயுமா? பாவம், பிழைக்கத் தெரியாத மனுஷன்."

எனக்குச் சுருக்கென்றது. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தேன். பாதி தேய்த்த சட்டையை அவர் கையிலேயே கொடுத்தேன்.

"மீதிய நீங்களே தேய்ச்சுக்குங்க சார். உங்களுக்குத்தான் நேரம் நிறைய இருக்கே."

முதலாளி திட்டினார். வேலை போகவில்லை, பயப்படாதீர்கள். வீட்டில் பேச ஆளில்லாமல் சலவைக்கடையில் வந்து நிற்கிற மனிதருக்கு எவ்வளவு திமிர் பாருங்கள்.

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. புதுப் போர்வை வாங்கிவிட்டேன். ஆனாலும் நீங்கள் போர்த்திக்கொள்கிற பழைய போர்வையை யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். துவைக்க வேண்டாம், அப்படியே மடித்துக் கொடுங்கள்.

கடை வேன் வந்துவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள் மகள்