துவாய்களுக்கு அடியில் ஒன்பதாம் இலக்கம்

இன்று காலை பூசைக்குப் புறப்படும்போது கைலேஞ்சி எடுக்கத் துவாய் அலுமாரியைத் திறந்தேன். தைல மணம் அப்படியே இருந்தது. நிரோஷனின் ஜேர்சி நேற்றே வீட்டைவிட்டுப் போய்விட்டது. தட்டைத் துடைத்து, புதுக் கடதாசி விரித்து, குளியல் துவாய்களை ஓரத்துக்கு ஓரம் பொருந்த அடுக்கியும் வைத்திருந்தேன். ஆனாலும் கால் தசைக்கு அவன் பூசுகிற அந்தத் தைலம் பலகைக்குள் ஊறிவிட்டது. கதவைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். பூசைக்கு ஏழு நிமிடம் பிந்தினேன். நீங்கள் இருந்திருந்தால் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்திருப்பீர்கள்.

உங்களிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும் என்று இரண்டு வருடமாக நினைத்திருந்தேன். பாவசங்கீர்த்தனத்தில் கூட 'பொறாமை' என்று மட்டும்தான் சொன்னேன். யார்மேல் என்று சுவாமியார் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நேற்று மைதானத்தில் நடந்ததற்குப் பிறகு அதை முழுதாக எழுதிவிடலாம் என்று தோன்றுகிறது.

பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற மறுவாரமே நீங்கள் நம் தமிழர் உதைபந்தாட்டக் கழகத்தின் பொறுப்பாளரானீர்கள். அதனால் பதினான்கு ஜேர்சிகளும் என் பொறுப்பாயின. மவுண்ட் ரோஸ்கில் மைதானத்துச் சேற்றோடு சனிக்கிழமை மாலை பை வந்து இறங்கும். குளிர்நீரில் ஊறவைத்து, தோய்த்து, காயவைத்து, சாப்பாட்டு மேசையில் இலக்க வரிசைப்படி அடுக்குவேன். நான் படித்த கன்னியர் மடத்து விடுதியில் எங்கள் உடுப்பு ஒவ்வொன்றின் கழுத்துப் பட்டிக்குள்ளும் சிவப்பு நூலால் அடையாளம் தைத்திருப்போம். துணி மாறினால் தண்டனை. அதே பழக்கத்தில் உங்கள் பெடியன்களுடைய ஜேர்சிகளிலும் அவரவர் முதலெழுத்தைத் தைத்தேன். "இது விளையாட்டுக் கழகமோ, மடமோ?" என்று கேட்டீர்கள். ஆனால் ஒரு ஜேர்சியும் ஒருநாளும் தொலையவில்லை என்று மற்றக் கழகத்தாரிடம் பெருமை பேசியதும் நீங்கள்தான்.

ஒன்பதாம் இலக்கம் நிரோஷனுடையது. மின்சார வேலை செய்பவன், உயரமானவன். ஐந்து வயதில் ஊரைவிட்டு இந்த நாட்டுக்கு வந்ததால் தமிழில் தொடங்குகிற வசனத்தை ஆங்கிலத்தில் முடிப்பான். கோல் அடிப்பது அவன் வேலை, அதைத் திரும்பத் திரும்பச் சொல்வது உங்கள் வேலை. நான்கு வருடங்களில் அவன் அடித்த கோல்கள் எந்தக் காலால், எந்தப் பக்கத்துக் கம்பத்துக்கு என்று எனக்கே பாடமாகிவிட்டன.

ஒரு மழைச் சனிக்கிழமை கடைசி நிமிடத்தில் அவன் தலையால் முட்டி ஒன்று போட்டான். நீங்கள் எழுந்த வேகத்தில் மடக்குக் கதிரை விழுந்தது, பிளாஸ்க் தேநீர் என் சப்பாத்தில் கொட்டியது. "என்ரை ராசா" என்றீர்கள். நான் குனிந்து சப்பாத்தைத் துடைத்தேன். என் சமையலுக்கு நீங்கள் தந்த மிக உயர்ந்த பாராட்டு "காணும்." புதுச் சேலைக்கு "பறவாயில்லை." நாற்பத்துநான்கு வருடத் தாம்பத்தியத்தில் 'ராசா' போன்ற ஒரு சொல் உங்களிடம் இருப்பதே எனக்குத் தெரியாது.

ஆனால் என் மனதில் கொழுவி நின்றது அந்தச் சொல் அல்ல, நண்டுக் கால். நம் வீட்டில் நண்டுக் கறி என்றால் பெரிய காலை நீங்கள் சிறு உலக்கையால் உடைத்து என் தட்டில் வைப்பீர்கள். திருமணமான முதல் மாதத்திலிருந்து அதுதான் வழக்கம். அதைப்பற்றி இருவரும் கதைத்ததே இல்லை. மட்ச் முடிந்து நிரோஷன் சாப்பிட வந்த ஒருநாள் அந்தக் கால் அவன் தட்டுக்குப் போனது. நீங்கள் கவனிக்கக்கூட இல்லை. நான் அவனுக்கு இன்னும் கொஞ்சம் சோறு போட்டேன்.

அவன் கழகத்தை விட்டுப் போனபோது எல்லோரும் சொன்னது உங்களுக்குத் தெரியும். நடந்தது என்ன என்பதை நான் சொல்கிறேன்.

அந்த வெள்ளிக்கிழமை நீங்கள் இரத்தப் பரிசோதனைக்குப் போயிருந்தீர்கள். நிரோஷன் வேலை உடுப்போடு வந்து வாசலில் நின்றான். கையில் ஒரு கடதாசிப் பை. உள்ளே ஜேர்சி, அவனே தோய்த்து மடித்தது, மடிப்பு கோணல்.

"அன்ரி, பாலத்துக்கு அங்காலை இருக்கிற கிளப்பில கேட்டிருக்கினம். பெரிய டிவிஷன். எனக்கு இருபத்தாறு, இப்ப போகாட்டி பிறகு சான்ஸ் இல்லை. அங்கிளிட்ட நேர சொல்லவேணும். அவர் வரும் மட்டும் நிக்கட்டே?"

"அவர் ஏற்கெனவே கேள்விப்பட்டிட்டார்," என்றேன். "உம்மைப் பார்க்க விருப்பமில்லை எண்டு சொன்னவர்."

பொய். நீங்கள் ஒன்றும் கேள்விப்படவில்லை. அவன் முகம் போன போக்கைப் பார்த்தும் நான் அந்தச் சொல்லைத் திருப்பி எடுக்கவில்லை. பையை வாங்கிக் கதவைச் சாத்தினேன். அவன் உங்கள் முன்னால் நின்று அழுதால் நீங்களும் அழுவீர்கள், பிறகு நான்தான் இருவருக்கும் தேநீர் ஊற்ற வேண்டும் என்று நினைத்தேன். அதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் என்னிடம் இல்லை. ஜேர்சியைத் துவாய்களுக்கு அடியில் வைத்தேன்.

அன்று மாலை கழகத்தின் கைப்பேசிக் குழுவுக்கு அவனிடமிருந்து ஒரு வரி வந்தது, நன்றி என்று. பிறகு குழுவிலிருந்தும் போய்விட்டான். மறுநாள் மைதானத்தில் கனகு, உங்கள் வலதுகையும் கழகத்தின் வாயுமான அதே கனகு, கதிரையை விரிக்கக்கூட இல்லை.

"நாலு வருசம் எங்கட கொத்துரொட்டி திண்டவன். ஒரு தாங்ஸ் கைஸோட முடிச்சிட்டான். அரையிறுதிக்கு ரெண்டு கிழமை கிடக்குது. இனி ஆர் கோல் அடிக்கிறது, நானோ?"

"போகட்டும்லா," என்றார் மலேசியாக்காரர் பிரான்சிஸ். "ஆனா போறவன் ஜெர்சியக் குடுத்துட்டுப் போயிருக்கலாம்ல?"

நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள். "ஒன்பது எங்கை?"

"அவன் தரேல்லை," என்றேன். அன்றிலிருந்து அவன் பெயர் கள்ளன்.

அரையிறுதியில் தோற்றோம். அடுத்த வாரம் இரண்டு கார்களில் துறைமுகப் பாலத்தைக் கடந்து அவனுடைய புதுக் கழகத்தின் மட்சுக்குப் போனோமே, நினைவிருக்கிறதா? பந்து அவன் காலுக்குப் போகும்போதெல்லாம் கனகு "கள்ளன், கள்ளன்" என்று தொடங்க, மற்றவர்களும் சேர்ந்து கத்தினார்கள். அந்த ஊர் வெள்ளைக்காரருக்கு அது ஏதோ உற்சாகப் பாட்டாகப்பட, தாளத்துக்குக் கைதட்டினார்கள். இரண்டாம் பாதியில் அவன் கோல் அடித்தான். உங்கள் கைகள் ஒரே ஒரு தடவை தட்டி, பிறகு மடிக்குள் போய்விட்டன. நான் பார்த்தேன்.

மட்ச் முடிந்ததும் பிளாஸ்க்கை விட்டுவிட்டேன் என்று சொல்லித் திரும்பிப் போனீர்கள். பிளாஸ்க் என் பைக்குள் இருந்தது. பத்து நிமிடம் காத்திருந்தேன். அவனை ஏசப் போகிறீர்கள் என்று நினைத்தேன். அதிலும் எனக்குப் பொறாமைதான் வந்தது. என்னோடு கோபம் வந்தால் நீங்கள் பத்திரிகைக்குப் பின்னால் போய்விடுவீர்கள். தேடிப்போய் ஏசுகிற அளவுக்கு நான் உங்களை ஒருநாளும் நோகடித்ததில்லையா என்று யோசித்தேன். வீடு திரும்பும் வழியில் நீங்கள் ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டு வந்தீர்கள். எனக்கு விளங்கவில்லை.

நோய் முற்றிய கடைசி மாதத்தில் ஒருநாள் நான் கட்டிலருகே இருந்து துவாய் மடித்துக்கொண்டிருந்தேன். "எல்லாம் சரியாய்க் கிடக்குதோ?" என்று கேட்டீர்கள். "ஓம்," என்றேன். "அப்ப சரி. விடும்," என்றீர்கள். வீட்டைப்பற்றிக் கேட்டதாக நினைத்தேன்.

இறுதிப் பூசைக்கு நிரோஷன் வந்தான். கனகு தன் கோட்டைக் கழற்றி வாங்கில் தனக்குப் பக்கத்து இருக்கையில் போட்டான், இடம் இல்லை என்று காட்ட. நிரோஷன் பின்சுவரோடு பூசை முடியும்வரை நின்றான். சத்தம் வரவே அழுதான். ஜேர்சியை என் கையில் தந்ததாக அங்கேயாவது அவன் ஒருவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நான் முதல் வரிசையில் நேராக இருந்தேன். மடத்தில் பழக்கிய முதுகு. எல்லோருக்கும் முன்னால் உங்களுக்காக அப்படி அழ அவனுக்கு முடிந்ததே என்று அன்றும் எரிந்தது.

போன வாரம் கனகு தொலைபேசி எடுத்தான். உங்கள் ஆண்டு நினைவுக்குப் பழைய பெடியன்களும் புதிய பெடியன்களும் ஒரு மட்ச் விளையாடப் போகிறார்களாம்.

"அக்கா, அந்தக் கள்ளனும் விளையாடலாமோ எண்டு கேட்டிருக்கிறான். நாங்கள் எல்லாரும் வேண்டாம் எண்டுதான் நிக்கிறம். கடைசிச் சொல் உங்கட. வரவேண்டாம் எண்டு சொல்லட்டே?"

வேண்டாம் என்றால் விஷயம் என்றைக்குமாக முடிந்துவிடும். நான் செத்த பிறகு மகள் வெளியூரிலிருந்து வந்து அலுமாரியை வெறுமையாக்கும்போது ஒரு பழைய ஜேர்சி கிடைக்கும், அவளுக்கு அதன் கதை தெரியாது. இரண்டு நாள் யோசித்தேன். பிறகு நானே கனகுவை அழைத்து, "வரச் சொல்லும்," என்றேன்.

ஜேர்சியைத் திரும்பத் தோய்த்து, இஸ்திரி போட்டு, மடிப்பு நேராக்கி, நேற்று மைதானத்துக்குக் கொண்டு போனேன். மடக்குக் கதிரைகள் எல்லாம் வழமையான இடத்தில். நிரோஷன் தள்ளி, தனியாக நின்று சப்பாத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான்.

"கனகு," என்றேன், எல்லோருக்கும் கேட்க. "இவர் ஜேர்சியைக் கொண்டு போகேல்லை. போக முதலே வீட்டை வந்து என்ரை கையில தந்தவர். அவரோட கதைக்கவும் கேட்டவர். நான் விடேல்லை."

நான் தப்பிக்கக் கனகு ஒரு வழி விட்டுத் தந்தான். "வயசில மறதி வாறதுதானே, அக்கா."

"மறக்கேல்லை. ஒளிச்சனான்."

பிரான்சிஸ் எழுந்து தன் கதிரையை என் பக்கம் இழுத்து வைத்தார். "உக்காருங்கம்மா." நான் உட்காரவில்லை. கனகு நிரோஷனிடம் போனான். "உனக்கு வாய் இருந்ததெல்லே? ரெண்டு வருசமாய்க் கள்ளன் எண்டு கத்தினன். சொல்லியிருக்கலாமே, மடையா."

"ஓம் கனகு அண்ணை," என்றான் அவன். என் கையிலிருந்து ஜேர்சியை வாங்கிப் போட்டுக்கொண்டான்.

விளையாட்டு உங்களுக்குப் பிடித்திருக்காது. அவனுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது, கம்பத்தில் அடித்தான். "பெரிய டிவிஷனில இதுதான் படிப்பிச்சவங்களோ?" என்று கனகு கத்தினான். கள்ளன் என்று சொல்லவில்லை. நான்கு வருடமும் அவன் தவறவிட்டபோதெல்லாம் கத்திய அதே குரல்.

முடிந்த பிறகு நிரோஷன் சேற்றோடு ஜேர்சியைக் கழற்றிக் கொண்டுவந்தான். வைத்துக்கொள்ளும் என்றேன். ஏன் இவ்வளவு நாளும் பேசாமல் இருந்தீர் என்று கேட்டேன். கதிரைகள் இருந்த பக்கத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தான்.

"அங்கிளுக்குத் தெரியும், அன்ரி. அங்க மட்சுக்கு வந்த அண்டைக்கு சேஞ்சிங் ரூமுக்கு வந்தவர். வீட்டில துவாய் எடுக்கப் போனவராம், தைலம் மணத்ததாம். 'உன்ரை அன்ரிக்கு மடிக்கத் தெரிஞ்ச அளவுக்கு ஒளிக்கத் தெரியாது' எண்டு சிரிச்சவர். பிறகு சொன்னவர், 'கள்ளன் எண்டு கத்துவாங்கள், கொஞ்ச நாளைக்குக் கேட்டுக்கொண்டிரு. நீ இளம் ஆள், தாங்குவாய். அவ நிமிர்ந்து நடக்கிறவ. அவவை நான் குனியப் பார்க்கேலாது.'"

சப்பாத்துச் சேற்றைப் புல்லில் தேய்த்தபடி, "ஐ டிடின்ட் மைண்ட், அன்ரி," என்றான்.

உங்கள் ராசாவை ஒரு மைதானமே கள்ளன் என்று கத்த விட்டுவிட்டு, காரில் பாடிக்கொண்டு வந்தீர்கள். கட்டிலில் கிடந்து "எல்லாம் சரியாய்க் கிடக்குதோ" என்று கேட்டபோது எனக்கு ஒரு கதவைத் திறந்து பிடித்திருந்தீர்கள். நான் துவாயை மடித்தேன்.

நேற்று அவன் கார் வரை என்னைக் கூட்டிக்கொண்டு வந்தான். புல் ஈரம்; என் முழங்கையைப் பிடித்தான். வழமையாக யாரையும் பிடிக்க விடமாட்டேன். அடுத்த சனிக்கிழமை சாப்பிட வரச் சொல்லியிருக்கிறேன். சான்ட்ரிங்ஹாம் கடையில் நண்டு கிடைத்தால் வாங்குவேன். பெரிய காலை அவன் தட்டில் நானே உடைத்து வைப்பேன்.

ஆனால் நான் திருந்திவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். 'அவ நிமிர்ந்து நடக்கிறவ.' நேற்றிலிருந்து அந்த வசனத்தை எத்தனை தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். 'காணும்' என்பதற்கு மேலான சொல் உங்களிடம் எனக்காகவும் இருந்திருக்கிறது. அதை நீங்கள் அவனிடம் சொன்னீர்கள். இரண்டு வருடம் அது அவனிடம் இருந்தது. அதை உங்கள் குரலில் கேட்டவன் அவன். எனக்கு அவன் குரலில்தான் கிடைத்தது. அதற்காக அவன்மேல் எனக்கு இன்னும் பொறாமையாகத்தான் இருக்கிறது.