சேகர் கேட்ட பாட்டு

ஆடி அமாவாசை, இரவு.

தூக்கம் வரவில்லை.

தம்பி சேகரின் கேசட்டுகளை அவன் உடம்போடு சேர்த்தே எரித்தோம். எல்லாம் ஒரே வெளிநாட்டு பங்க் இசைக்குழுவின் பாட்டுகள்; எனக்கும் அந்தக் குழு உயிர். பிறகு கேட்கவே மனம் வரவில்லை. போன வருடம் செங்கம் ரோடு காபிக் கடையில் யாரோ ஒரு வெள்ளைக்காரர் அந்தக் குழுவின் பாட்டைப் போட்டார். அன்றே மறுபடி பைத்தியம் பிடித்தது. ஆசிரமத்துக்கு வந்து தங்கி, அறையைக் காலி செய்து ஊருக்குப் போகிற வெள்ளைக்காரர்களிடம் கேட்டுக் கேட்டு ஒவ்வொரு ஆல்பமாகச் சேர்த்தேன். கடைசி கேசட் நேற்றுதான் கிடைத்தது.

இன்று படையலில் அவனுக்குப் பிடித்த வடை, சிகரெட்டோடு அதையும் வைத்தேன். காக்கைக்குச் சோறு வைத்த பிறகு டேப்பில் போட்டேன். பாடகன் தொண்டை கிழியக் கத்தினான்.

அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது.

"அவன் போன அன்னிக்கி மாடியில இதே மாதிரிதான்டா சத்தம் கேட்டுச்சு. நடுவுல அம்மான்னு கூட கேட்டுச்சு. பாட்டுதான்னு நெனச்சி நான் மேல போவல."

நெஞ்சுவலி, தூக்கத்திலேயே போய்விட்டான் என்றுதான் இத்தனை நாளும் நம்பியிருந்தோம்.

நிறுத்தப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருடா, ஓடட்டும். இதுல எங்கனா அம்மான்னு வருதானு கேக்கறேன்."

எந்தச் சனியன் என்னை இதைத் தேடவைத்ததோ. இரண்டு பக்கமும் ஓடி முடிந்தது.

வரவில்லை.