சுவரில் ஒட்டிய விமானம்

என் சண்முகத்தாய்க்கு,

எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது, கோபித்துக்கொள்ளாதே. கோடு போட்ட தாள்தான். ஆனாலும் ஓர் எழுத்து மேலே ஏறிக்கொள்கிறது, அடுத்தது கீழே தொங்குகிறது. 'ழு' வரும்போது மட்டும் பேனாவைக் கீழே வைத்து, கையை உதறிவிட்டு, பிறகுதான் போடுகிறேன். இந்த ஒரு பக்கத்துக்கே இரண்டு நாள் ஆகிவிட்டது.

ஆமாம், நானேதான் எழுதுகிறேன். நீ போன பிறகு, நம் செல்வி போனில் அனுப்பும் வரிகளை வாசித்துச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை. பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் பெரியவர்களுக்கு வகுப்பு நடக்கிறது என்றார்கள், போய்ச் சேர்ந்தேன். மில் சத்தத்தில் காது மந்தமாகிப் போனவன் என்பதால் முதல் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். குருசாமி என்று முதன்முதலாக எழுதிய அன்று காலண்டர் அட்டை, அரிசி டப்பா, கேஸ் சிலிண்டர் என்று கண்ட இடத்திலெல்லாம் எழுதிவைத்தேன். நீ இருந்திருந்தால் அரிசி டப்பாவுக்குத் திட்டு விழுந்திருக்கும்.

இப்போது வகுப்பில் ஒரு மலர் அச்சடிக்கப் போகிறார்கள். ஆளுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். யாருக்கு எழுதப் போகிறீர்கள் என்று அமலா டீச்சர் கேட்டார், உன் பெயரைச் சொன்னேன். பிழையைத் தான் திருத்தித் தருவதாகச் சொன்னார். நாலு பேர் வாசிப்பார்கள். உனக்குப் பரவாயில்லையா?

செல்விக்கு வேலை கிடைத்துவிட்டது. நீ போன நாற்பதாவது நாள் கடிதம் வந்தது. சின்னச் சின்ன ஊர்களுக்குப் போகிற விமானக் கம்பெனி. பெரிய விமானம் இல்லை, இறக்கையில் விசிறி சுற்றுகிற ரகம். புதுப்பட்டியில் உன் பங்கு நிலத்தை விற்று அவளை விமானம் ஓட்டப் படிக்க வைத்தாயே, அந்தப் படிப்புக்கு வேலை.

கடிதத்தை உன் படத்துக்கு முன்னால் வைத்தேன். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. துக்கமும் வரவில்லை. மில்லில் கரண்ட் போனால்கூட காதுக்குள் கொஞ்ச நேரம் இரைச்சல் ஓடிக்கொண்டிருக்கும். இது அப்படியும் இல்லை. ஆடி மாதத்திலிருந்து உள்ளே ஒன்றுமே ஓடவில்லை. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், வகுப்புக்குப் போகிறேன்.

வேலை கிடைத்தவுடன் ஓட்ட விடமாட்டார்களாம். ஹைதராபாத்தில் மூன்று மாதம் வகுப்பு. அதன் பிறகு சிமுலேட்டர் என்று ஓர் அறை. உள்ளே போனால் விமானத்தின் முன்பக்கம் மாதிரியே இருக்குமாம், தரையில் நின்றபடியே ஆடுமாம், குலுங்குமாம். அதில் கடைசிப் பரீட்சை. அதில் தேறினால்தான் வேலை நிலைக்கும்.

அதற்கு முன்பே செல்விக்கு ஒரு சிக்கல் வந்துவிட்டது. விமானம் ஓட்டுவதில் இல்லை, பதில் சொல்வதில். இரண்டு பேர் உட்காருவார்களாம். செல்வி சுவிட்சுகளை எல்லாம் வரிசையாகப் போட வேண்டும். போட்டு முடித்ததும் பக்கத்தில் இருப்பவர் ஒரு பட்டியலை வரி வரியாக வாசிப்பார். ஒவ்வொரு வரிக்கும் அந்தச் சுவிட்சைக் கண்ணால் பார்த்து, அது இருக்கிற நிலையைச் சொல்ல வேண்டும். சரியான பதில் வரும்வரை வாசிப்பவர் அடுத்த வரிக்குப் போகக் கூடாது.

நம் மகள் பட்டியலை மனப்பாடமாக வைத்திருக்கிறாள். அவர் வரியை வாசித்து முடிப்பதற்குள் பதில் சொல்லிவிடுகிறாள், பார்ப்பதே இல்லை. வாய் முன்னால் போகிறது, கண் பின்னால் வருகிறது என்று சொல்லிக்கொடுப்பவர் எழுதியே கொடுத்துவிட்டார். சிமுலேட்டர் பரீட்சையிலும் இப்படி நடந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம்.

சிமுலேட்டரில் இவள் முறை வர பன்னிரண்டு நாள் இருந்தது. அதனால் தை மாதம் ஊருக்கு வந்தாள். கையில் சுருட்டிய பெரிய தாள். விரித்தால் விமானத்தின் முன்பக்கம் முழுவதும் படமாக இருக்கிறது, அத்தனை சுவிட்சும் அதே அளவில். புதிதாகச் சேர்ந்தவர்கள் எல்லாரும் இப்படிச் சுவரில் ஒட்டி, முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துதான் பழகுவார்களாம். நம் வீட்டில் அந்த அளவுக்கு வெற்றுச் சுவர் ஏது? உன் படம் மாட்டிய சுவர்தான்.

உன் படத்தைக் கழற்றி பிரிட்ஜ் மேல் வைத்தாள். அன்று சாயங்காலமே உன் அண்ணன் தளவாய்புரத்திலிருந்து வந்து சேர்ந்தார். நேரம் பார்த்து வருவதில் அவருக்கு நிகர் யார்?

"என்ன மாப்ள, வருஷம் கழியல, அதுக்குள்ள தங்கச்சியக் கழட்டிட்டு ஏரோப்பிளேன ஒட்டிட்டீரா?"

நான் காது கேட்காதவன் மாதிரி இருந்தேன். செல்விதான் பதில் சொன்னாள்.

"அம்மா பிரிட்ஜ் மேல இருக்கா மாமா. அங்கருந்து பாத்தாத்தான் பிளேன் முழுசாத் தெரியும்."

அவர் பிரிட்ஜைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, இதில் ஹாரன் எங்கே இருக்கிறது என்று கேட்டார். காபி குடித்துவிட்டுப் போகும்வரை அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

பட்டியலை வாசிக்க நான்தான் ஆள். அது இங்கிலீஷ்தான், ஆனால் எனக்காகத் தமிழ் எழுத்தில் எழுதித் தந்தாள். 'ஃ' எனக்குத் தகராறாக இருந்தது. அமலா டீச்சரிடம் போய்க் கேட்டேன். எங்கள் வகுப்பில் எல்லாரும் மரம், படகு என்று எழுதிக்கொண்டிருந்தபோது, நான் ஒருவன் மட்டும் 'ஃபியூயல்' என்று எழுதினேன். அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கே சிரிப்பு. நீ போன பிறகு நான் சிரித்தது அது ஒருமுறைதான் என்று நினைக்கிறேன்.

தாளில் இருக்கிற சுவிட்ச் மேலும் கீழும் அசையாதே. அதற்குச் செல்வி ஒரு வழி கண்டுபிடித்தாள். உன் டப்பாவில் மிச்சமிருந்த ஒட்டுப்பொட்டுகளை எடுத்து ஒவ்வொரு சுவிட்சிலும் ஒட்டினாள். பொட்டு மேலே இருந்தால் போட்டிருக்கிறது, கீழே இருந்தால் அணைத்திருக்கிறது. உனக்குப் பிடித்த அரக்குக் கலர் பொட்டு.

காலையில் இரண்டு மணி நேரம், மதியம் இரண்டு மணி நேரம். நான் 'பா... ர்க்... கிங்' என்று கூட்டிக்கொண்டிருப்பேன். அதற்குள் அவள் பதிலைச் சொல்லி, அடுத்த வரிக்கும் அதற்கடுத்த வரிக்கும் சேர்த்துச் சொல்லியிருப்பாள். ஏன் இந்தப் பறப்பு என்று கேட்டேன். சும்மா இருந்தால் உன் நினைப்பு வருகிறதாம், அதனால் ஓடிக்கொண்டே இருக்கிறாளாம்.

ஆறாம் நாள் அவள் சுவிட்சுகளைப் போட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள். நான் எழுந்து ஒரு பொட்டைப் பிய்த்துக் கீழே ஒட்டிவைத்தேன். திரும்பி வந்து உட்கார்ந்தாள். வாசித்தேன். அந்த வரி வந்தது. "ஆன்" என்றாள். நான் நிறுத்திக்கொண்டேன்.

"அடுத்தத வாசிங்கப்பா."

"பாத்துச் சொல்லு."

"பாத்தாச்சு."

"பாக்கல."

அவளுக்குக் கோபம். நான் எழுத்துக் கூட்டத் திணறுவதாக நினைத்துத் தாளைப் பிடுங்க வந்தாள். நான் விடவில்லை. அப்போதுதான் சுவரைப் பார்த்தாள். பொட்டு கீழே இருந்தது. முகம் செத்துப்போயிற்று.

அன்றைக்கு அவளிடம் சொல்லிவிட்டேன் சண்முகத்தாய். சொல்லியிருக்கக் கூடாதா?

தினமும் காலையில் நீ தையல் மிஷினில் உட்காரும்போது, பிரஷர் மாத்திரை போட்டாயா என்று கேட்பேன். நைட்டியை மடித்து ஊசிக்குக் கீழே கொடுத்தபடி, போட்டாச்சு என்பாய். நானும் டீ குடிக்கப் போய்விடுவேன். நீ விழுந்த அன்று ஆஸ்பத்திரியில் டாக்டர், மாத்திரையை ஒழுங்காகப் போட்டார்களா என்று கேட்டார். போட்டுக்கொண்டுதான் இருந்தாள் என்றேன். பதினாறு கழிந்த பிறகு நூல்கண்டு தேடி மிஷின் டிராயரைத் திறந்தேன். நாலு அட்டை இருந்தது. ஒரு மாத்திரைகூடப் பிய்க்கவில்லை.

ஏன் போடவில்லை? கசந்ததா? தலை சுற்றியதா? தைத்துக் கொடுக்க வேண்டியது நிறைய இருக்கிறது, தூக்கம் வருகிறது என்று விட்டுவிட்டாயா? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

"ஒங்க அம்மா தெனமும் போட்டாச்சுன்னு சொன்னா. நான் ஒரு நாளும் அட்டைய எடுத்துப் பாக்கல."

இவ்வளவுதான் செல்வியிடம் சொன்னேன். ஊர்ச்செய்தி சொல்வது மாதிரிதான் என் குரல் வந்தது. அவள் எழுந்து போய் டிராயரைத் திறந்தாள். அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மிஷின் மேல் தலையைக் கவிழ்த்து ரொம்ப நேரம் அழுதாள். நான் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் போய்த் தலையைத் தடவியிருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை.

பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"முதல்லருந்து வாசிங்கப்பா. மெதுவாவே வாசிங்க."

எனக்கு வேகமாக வாசிக்கவும் தெரியாதே. அன்றிலிருந்து ஒவ்வொரு வரிக்கும் நான் கூட்டி முடிக்கும்வரை காத்திருந்து, பொட்டின் மேல் விரலை வைத்துவிட்டுப் பதில் சொன்னாள். ஒரு பட்டியலுக்கு அரை மணி நேரம் ஆனது. நடுவில் கறிவேப்பிலைக்காரர்கூட வந்து போனார். ஹைதராபாத்துக்குத் திரும்பும்போது அந்தத் தாளைச் சுருட்டி எடுத்துப் போனாள். உன் படத்தைப் பழைய இடத்தில் மாட்டிவிட்டேன்.

பரீட்சை போன வியாழக்கிழமை. வீட்டில் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் கண்ணாடிக்கு அளவு கொடுத்திருந்தேன், அதை வாங்கக் கிளம்பினேன். புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, யாரிடமும் கேட்காமல் பலகையை வாசித்து நம் ஊர் பஸ்ஸில் ஏறினேன். எனக்கு இடது பக்கம் ஒரு பெண், மடியில் பால்கோவாப் பெட்டிகளோடு இருந்தாள்.

பஸ் நகர்ந்தபோது போனில் செய்தி வந்த மணி அடித்தது. எடுத்துப் பார்த்தேன். செல்வி தமிழில் எழுதியிருந்தாள், எனக்குப் புரியட்டும் என்று. ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டினேன். இரண்டு தடவை கூட்டினேன். 'அப்பா, பாஸ். எல்லாத்தையும் பாத்துட்டுத்தான் சொன்னேன்.'

வாசித்துவிட்டு என்ன செய்தேன் தெரியுமா? போனை இடது பக்கம் நீட்டினேன். இத்தனை வருடம் எழுத்து என்று எது வந்தாலும் உன்னிடம் நீட்டிய கை அது, தானாகப் போய்விட்டது. அந்தப் பெண் தனக்குத்தான் நீட்டுகிறேன் என்று வாங்கிப் பார்த்தாள்.

"பாஸாம் தாத்தா. எல்லாத்தையும் பாத்துட்டுத்தான் சொன்னாளாம். யாரு, பேத்தியா?"

"மக."

"என்ன பாஸு?"

"பிளேன் ஓட்ட."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். நம்பினாளோ இல்லையோ, ஒரு பெட்டியைப் பிரித்து ஒரு துண்டு எடுத்துத் தந்தாள். நான் ஏற்கெனவே வாசித்துவிட்டேன் என்று அவளிடம் சொல்லவில்லை. என் வாயால் கூட்டியபோது அது வெறும் எழுத்தாக இருந்தது. பக்கத்திலிருந்து ஒரு பெண் குரல் சொன்னபோதுதான் செய்தியாக ஆனது. இப்போது அழுகை வரும் என்று காத்திருந்தேன். மம்சாபுரத்துக்குப் பிரிகிற விலக்கைப் பஸ் தாண்டியது. வரவில்லை. பால்கோவா இனிப்பாக இருந்தது, அது மட்டும் தெரிந்தது.

வரும் வெள்ளிக்கிழமை செல்வி நிஜ விமானத்தை, ஆள் ஏற்றாமல், மேலே கிளப்பி இறக்கிப் பழக வேண்டுமாம். அதற்குப் பிறகுதான் பயணிகள். மலருக்கு ஒரு கடிதம் போதும் என்கிறார் டீச்சர். எனக்குப் போதாது. அவள் எத்தனை முறை இறக்கினாள், முதல் முறை சக்கரம் தரையில் பட்டபோது குலுங்கியதா, எல்லாவற்றையும் அவளிடம் கேட்டுக்கொண்டு அடுத்த வாரம் உனக்கு எழுதுகிறேன். எழுதி முடித்ததும் உன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து, வாய்விட்டு நானே வாசித்துச் சொல்கிறேன். மெதுவாகத்தான் வரும். இனி என் முறை, நீ கேட்டுக்கொண்டிரு.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன், செல்வியின் அப்பா,
குருசாமி