வாசலில் நடந்த ஆராதனை

ஞாயிறு, ஜூலை 12, 1925

கடவுள் மூவரல்ல, ஒருவரே என்று நம்பும் எங்கள் யூனிடேரியன் சபை கூடும் வாடகைக் கூடத்தை அதன் சொந்தக்காரர் இன்று காலை திறக்கவில்லை. சாவியோடு படியில் நின்றார். "உங்க சாமி ஒண்ணா மூணான்னு நான் கேக்கல. அந்தத் தோட்டிச் சனத்தை மட்டும் உள்ள ஏத்தாதீங்க," என்றார். சில வாரங்களாக எங்களோடு ஒரே பாயில் உட்காரும் செல்லம்மாளையும் அவள் புருஷனையும்தான் சொன்னார்.

சபைக் காரியதரிசி என் கணவர். "அவங்க இன்னிக்கு வராந்தாவுல இருக்கட்டுமே. அங்கயும் பாட்டு கேக்கும்," என்றார்.

"எங்களால வம்பு வேணாங்கம்மா, நாங்க போறோம்," என்றாள் செல்லம்மாள். நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். எல்லாரும் ஒரே கடவுளின் பிள்ளைகள் என்று வாராவாரம் சொல்லிவிட்டு, ஒரு சாவிக்குப் பயந்து அதை விழுங்க என்னால் முடியவில்லை. "கூடமே வேணாம். எல்லாரும் வாசல்லயே உக்காருவோம்," என்று மண்ணில் உட்கார்ந்து நானே பாட்டை எடுத்தேன்.

பாதிப் பேர் போய்விட்டார்கள். மற்றவர்கள் உட்கார்ந்தார்கள். தூறல் விழுந்தது. சர்ச்சுக்குப் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். ஜெபத்தையும் நானே சொன்னேன். பெண் சொல்லக்கூடாது என்று தடுக்க அங்கே யாரும் மிச்சமில்லை. செல்லம்மாளின் புருஷன் தெருமுனைக்குக் கேட்கும்படி ஆமென் சொன்னான்.

என் கணவர் கடைசிவரை நின்றுகொண்டே இருந்தார். வீட்டுக்கு வந்ததும், "நாலு பேர் முன்னாடி என் பேச்சுக்கு மதிப்பில்லாம செஞ்சிட்டியே," என்றார்.

"நீங்களும் உக்காந்திருக்கலாம்," என்றேன்.

சாப்பிடாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார். சோறு மூடி வைத்திருக்கிறேன். மன்னிப்புக் கேட்கமாட்டேன். அவர் தூங்கவில்லை என்பது மூச்சிலேயே தெரிகிறது. தூங்கவேண்டாம், யோசிக்கட்டும்.