கணக்கப்பிள்ளை வந்தால் சாப்பிடுகிறாள்

ஒக்டோபர் 5, ஞாயிறு

விடியும்போதே மழை. கூரைத் தகரம் ஒரு இடத்தில் ஒழுகுகிறது. வாளி வைத்தாயிற்று. நெருப்புப் பெட்டியை அரிசிக்குள் ஒளித்தாயிற்று. கத்தியைக் கூரை இடுக்கில்.

கண்டி கிளினிக் மிஸ் சொன்னதால் எழுதுகிறேன். யாழ்ப்பாணத்துப் பிள்ளை. "ஐயா, அம்மா என்ன சாப்பிட்டவ, எப்ப நித்திரை கொண்டவ, எல்லாத்தையும் ஒரு கொப்பியில எழுதுங்கோ." எனக்குப் படிப்பில்லை. தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இரண்டு சிலேட்டு உடைத்ததோடு சரி. இந்த எழுத்து வத்தேகம சலூனில் கிடந்த பத்திரிகைகளைப் பார்த்து நானாகப் பழகியது. எழுதி வைக்கிற தேவையும் எனக்கு இருந்ததில்லை. என் கல்யாணப் பந்தியில் யார் முறைத்துக்கொண்டு எழுந்து போனான் என்பது வரை தலையில் இருக்கிறது.

பாக்கியத்துக்கு மறதி நோய். போன மாதம் டொக்டர் சிங்களத்தில் சொன்னார். மகள் செல்வி தமிழில் சொன்னாள். சொல்லும்போதே அழுதாள். பாக்கியம் அவளைப் பார்த்து, "ஏம்மா அழுவுற, யாரு செத்தா?" என்றாள்.

பெற்ற மகளை.

ஒக்டோபர் 7, செவ்வாய்

கிளினிக். பாக்கியத்தை பஸ்ஸில் ஏற்றுவதற்குள் என் சட்டை கிழிந்தது. கண்டக்டர் பையன் சிரித்தான். அவன் அப்பனையும் எனக்குத் தெரியும், அவனும் இப்படித்தான் சிரிப்பான்.

எடை குறைந்துவிட்டது. டொக்டர் முகம் சரியில்லை. இப்படியே சாப்பிடாமல் இருந்தால் வார்டில் வைத்து மூக்கு வழியாகக் குழாய் விட வேண்டும் என்றார். குழாய் விட்டால் இவள் பிடுங்குவாள். பிடுங்கினால் கையைக் கட்டிலோடு கட்டத்தானே வேண்டும்.

பிறகு நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு ஒரு கூட்டம். கதிரைகளை வட்டமாகப் போட்டு, மிஸ் நடுவில். ஒவ்வொருவராக அழுதார்கள். நான் அழவில்லை. திகனையில் துணிக்கடை வைத்திருக்கும் காசிம் நானாவும் அழவில்லை. வெளியில் வந்து இருவரும் பிளேன்டீ குடித்தோம்.

அவர் கேட்டார்: "நீங்க சாப்புட்டீங்களா அண்ணே?"

இரண்டு மாதத்தில் என்னிடம் அதைக் கேட்ட முதல் ஆள்.

திரும்பும்போது பிள்ளையாரிடம் சொன்னேன். அவள் சாப்பிட வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம்.

ஒக்டோபர் 8, புதன்

காலையில் கஞ்சியை என் முகத்தில் துப்பினாள். "எவன்டா நீ?"

பகல் இடிமழை. கடைக்குப் போய் பருப்பு வாங்கிக்கொண்டு வந்தேன். கையில் கறுப்புக் குடை, தலையில் செல்வி தந்த தொப்பி. கதவைத் திறந்ததும் பாக்கியம் கதிரையை விட்டு எழுந்து நின்றாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"சலாங்க ஐயா."

பின்னால் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.

"கொழுந்து கொறச்சல்தாங்க. மழைங்க ஐயா. அரைப்பேர் போட்டுறாதீங்க."

அப்போதுதான் விளங்கியது. எங்கள் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை. கொழுந்து பறிக்கிற பெண்களை மேய்த்தவன். கறுப்புக் குடை, தொப்பி. கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர் போடுவான், அரை நாள் சம்பளம்தான் வரும். ஆள் செத்து எத்தனையோ வருடம். பாடைக்கு ஒரு பக்கம் தோள் கொடுத்ததே நான்.

எனக்கு ஆத்திரம். பசி வேறு. அவன் மூக்கால் பேசுவான். அதே மாதிரிப் பேசினேன்.

"ஒக்காந்து ஒழுங்கா சாப்புடு. இல்லாட்டி அரைப்பேர்தான்."

உட்கார்ந்தாள். சாப்பிட்டாள். தட்டை வழித்து.

ஒக்டோபர் 11, சனி

காலை: க.பி. ரொட்டி, சம்பல்.
பகல்: க.பி. சோறு, பருப்பு, நெத்தலி.
இரவு: நான். சாப்பிடவில்லை. பிறகு க.பி. பால் கஞ்சி, முழுதும்.

க.பி. என்றால் கணக்கப்பிள்ளை. முழுதாக எழுதக் கை வலிக்கிறது. அந்த ஆளுக்கு அவ்வளவு மரியாதையும் தேவையில்லை.

குளிக்க வார்க்கும்போது மட்டும் குடையையும் தொப்பியையும் வெளியில் வைத்துவிட்டுப் போனேன். என் கையைக் கடித்தாள். கடிக்கட்டும். அவன் பார்க்க வேண்டாம்.

ஒக்டோபர் 14, செவ்வாய்

கிளினிக். எடை குறையவில்லை. டொக்டர் என் தோளில் தட்டினார்.

கூட்டத்தில் சொன்னேன். மிஸ் முகம் மாறியது. "ஐயா, அவ எந்தக் காலத்தில நிக்கிறாவோ அங்க நீங்களும் போறது சரி. ஆனா வெருட்டாதேங்கோ. பயத்தில இருக்கிற ஆளுக்கு வருத்தம் கூடும்."

காசிம் நானா விழுந்து விழுந்து சிரித்தார். "ஒங்கட ஆளுக்கு மாப்புள மாறிட்டாரு, அவ்வளவுதானே அண்ணே! என்ட பொஞ்சாதி என்னய அவட வாப்பான்னு நெனச்சிக்கிட்டு ஈக்கிறா. பொம்ம வாங்கித் தாங்கன்னு செல்லி அழுவுறா. கட்டினவளுக்கு நான் பொம்ம வாங்கிக் குடுத்தீக்கிறேன்." சிரித்தபடியே கண்ணைத் துடைத்தார்.

மாலையில் வீட்டில். மிஸ் சொன்னபடி அதட்டாமல், குடையை மட்டும் பிடித்துக்கொண்டு தட்டை நீட்டினேன். பாக்கியம் தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"என்னங்க ஐயா, இன்னிக்கி பவுடர் போடலியா?"

சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க.

பயம் இல்லை இது.

அவன் கழுத்துக்குப் பவுடர் போடுவான். கொழுந்து மலைக்கு வரும்போதே வாசம் முன்னால் வரும். அவனையும் இவளையும் சேர்த்து லயத்து வீடுகளில் ஒரு பேச்சு இருந்தது. பேசியவர்கள் பெயர் ஒவ்வொன்றும் எனக்குத் தெரியும். அவர்களில் ஒருத்தியின் செத்த வீட்டுக்கு நான் போகவில்லை.

ஒக்டோபர் 16, வியாழன்

பவுடர் வாங்கினேன்.

கடைக்காரன்: "பேரப்புள்ளைக்கா?" ஆமாம் என்றேன்.

மூன்று வேளையும் சாப்பிட்டாள். பகலில் இரண்டாம் தரம் சோறு கேட்டாள்.

ஒக்டோபர் 18, சனி

வெயில். துணி காய்ந்தது. தீபாவளிக்கு நாளை இரவே வந்துவிடுவதாக செல்வி போன். கண்டியில் கடையில் வேலைக்கு நிற்கிறாள், பண்டிகை நேரத்தில் லீவு கிடைப்பது கஷ்டம்.

பகல் சாப்பாட்டில், கேட்கக் கூடாததைக் கேட்டேன். க.பி. குரலில்.

"ஒம் புருசன் எப்புடி, நல்லா பாத்துக்கிறானா?"

உதட்டைப் பிதுக்கினாள். "அதா? குடிக்காது, அடிக்காது. ஆனா எல்லாத்தையும் ஞாபகம் வச்சிருக்கும் ஐயா. உப்பு கூடுன கொழம்ப வருசக் கணக்கா சொல்லிக் காட்டும். எங்கம்மா செத்தப்ப நா அழுவலன்னு சொல்லிக் காட்டும். அதோட குடும்பம் நடத்துறது பொலிசுல ஒக்காந்திருக்கிற மாதிரிங்க."

உப்பு கூடியது உண்மை. சிவராத்திரிக்கு மறுநாள், கத்தரிக்காய்க் குழம்பு. அம்மா செத்தபோது அவள் அழாததும் உண்மை. நான் பக்கத்தில் நின்றேன்.

சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்: "ஐயா நல்லவரு. அன்னிக்கி மழையில கொடைய எங்கிட்ட குடுத்துட்டு நனைஞ்சுகிட்டே போனீங்களே. யாரு கொடைன்னு வீட்டுல ஒரே தொல்லை. ஆத்துல போட்டுட்டேன்."

அந்தக் குடை எனக்கும் ஞாபகம். மரக் கைப்பிடி. கொழுந்து நிறை போடுகிற மடுவக் கொட்டகையில் கிடந்தது என்றாள் அன்றைக்கு. நான் விடாமல் கேட்டேன், அவள் விடாமல் அதையே சொன்னாள். இத்தனை வருடமும் அந்தக் குடையின் மேல் நான் என்னென்னவோ கட்டி வைத்திருந்தேன்.

அவ்வளவுதான். ஒருத்தன் ஒரு நாள் நனைந்து போனான்.

நான் இவளுக்காக நனைந்த நாட்களை எண்ணிப் பார்த்தேன். பிரசவத்துக்கு மருத்துவச்சியைக் கூப்பிட ஓடிய இரவு ஒன்று போதும். இவள் தலையில் ஒன்றும் நிற்கவில்லை. அவன் நனைந்தது நிற்கிறது.

ஒக்டோபர் 19, ஞாயிறு

இன்றைக்கு முடியாது என்று நினைத்தேன். பவுடர் இல்லை. தொப்பி இல்லை. குடையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, பழைய சாரத்தைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"பாக்கியம், நான்தான். ஒன் புருசன்."

தட்டு சுவரில் போய் விழுந்தது. "எட்டப் போ! ஐயா வந்தா சொல்லிக் குடுத்துருவேன்."

"எந்த ஐயா? அவன் செத்துட்டான். தெரியுமா? செத்துட்டான்! பாடை தூக்குனதே நான்தான்."

சொல்லியிருக்கக் கூடாது. சுருண்டு படுத்து அழுதாள். மாமியார் செத்தபோது அழாதவள், தாய் செத்தபோது அழாதவள். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, முந்தானையைக் கடித்துக்கொண்டு, ஒரு கூலிக்காரி கணக்கப்பிள்ளைக்காக அழுதாள். பகல் சாப்பாடு இல்லை. தண்ணீரும் இல்லை.

இரவு செல்வி வந்தாள். சுவரில் காய்ந்த சோற்றைப் பார்த்தாள். "அப்பா, ஒங்களால முடியலன்னா சொல்லுங்க. நாளன்னிக்கி வார்டுல சேத்துருவோம். கொழாய் விட்டா உசுராவது இருக்கும்."

"ஒங்கம்மா கைய கட்டுவாங்க."

"நீங்க மட்டும் இப்ப என்ன பண்றீங்களாம்?" என்றாள்.

நல்ல கேள்வி. பெற்றவள் மாதிரியே கேட்கிறாள்.

காசிம் நானாவுக்குப் போன் எடுத்தேன். எல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அண்ணே, ஒங்களுக்கு அவ சாப்புடணுமா, இல்ல ஒங்கட பேரச் செல்லணுமா? ரெண்டும் கெடைக்காது. நான் பாத்துட்டேன்."

ஒக்டோபர் 20, திங்கள். தீபாவளி

மழை இல்லை. பனி மூட்டம். செல்வி அம்மாவுக்கு எண்ணெய் வைத்துக் குளிக்க வார்த்து, புதுச் சேலை கட்டிவிட்டாள். பச்சை. எனக்கு ஒரு சட்டை. போட்டேன். கழுத்துக்குப் பவுடர். தொப்பி. வாசலுக்குப் போய், குடையை விரித்து, மடக்கிக்கொண்டு உள்ளே வந்தேன்.

பாக்கியம் எழுந்து நின்றாள். "ஐயா! செத்துட்டீங்கன்னு அந்தாளு சொல்லிச்சே!"

"பொய்."

"நெனச்சேன். அது அப்புடித்தான், வயித்தெரிச்சல் புடிச்சது." சேலையை விரித்துக் காட்டினாள். நன்றாக இருக்கிறது என்றேன். தலையைக் குனிந்துகொண்டாள். கல்யாணத்தன்று நான் அதே வார்த்தையைச் சொன்னபோது குனியவில்லை.

வடை தின்றாள். சோறு தின்றாள். கோழிக்கறியில் எலும்பு எடுத்துக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டாள். பிறகு கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"ஐயா, ஒரு ஒதவி. கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு."

"எங்க வீட்டாள வேற தோட்டத்துக்கு மாத்தி விட்டுருங்க. தூரமா. ராவாச்சின்னா கட்டிலுகிட்ட வந்து ஒக்காந்துகிட்டு, நா யாருன்னு சொல்லு, நா யாருன்னு சொல்லுன்னு கேட்டுகிட்டே இருக்குங்க. எனக்குப் பயமா இருக்குங்க."

அடுப்படியில் செல்வி எண்ணெயில் எதையோ போடுகிற சத்தம்.

"சரி" என்றேன், மூக்கால். "தோட்டத்துக் கணக்குலருந்து பேர வெட்டிடுறேன். இனிமே வராது."

"சத்தியமா?"

"சத்தியமா."

கையை நீட்டி இன்னொரு வடை கேட்டாள்.