பார்க்க மட்டும் அனுமதி

திருச்செங்கோடு,
வியாழக்கிழமை.

கணவர் சந்தோஷ்குமார் அவர்களுக்கு,

தனப்பிரியா எழுதிக்கொள்வது. நானும் மகள் அபிநயாவும் நலம். சிங்கப்பூரில் நீங்கள் நலமாக இருப்பதை உங்கள் அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிடுவதால் தனியாக விசாரிக்கவில்லை. போனில் என்றால் நான் முடிப்பதற்குள் வைத்துவிடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் சர்வர் பேனலைத் திறந்தால், என் பெயருக்கு நேரே 'பார்க்க மட்டும்' என்று இருந்தது. முந்தின நாள்வரை நான் நிர்வாகி. புது நர்சுக்குக் கணக்குத் திறப்பது, நின்றுபோனவர்களை நீக்குவது, யார் எதைத் திறக்கலாம் என்று பிரித்துக் கொடுப்பது எல்லாம் என் வேலை. சர்வரை அமைத்துக் கொடுத்தபோது உங்களுக்கென்று ஒரு கணக்கு வைத்துக்கொண்டீர்கள். நீக்கச் சொன்னபோதெல்லாம், அவசரத்துக்கு இருக்கட்டும் என்றீர்கள். அந்த அவசரம் இதுதான் போலிருக்கிறது.

உங்களைப் போனில் கூப்பிட்டுக் கேட்டேன். சிரித்தீர்கள். "வேலையை உட்டுட்டு இங்க வான்னா வரமாட்டேங்கற. இப்ப என்ன பண்ணுவ?" என்றீர்கள். இவ்வளவு படித்து, கடல் தாண்டிப் போய், உங்களுக்கு வந்த வீரம், திரையில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் இருந்த டிக்கை எடுப்பதுதான்.

அதையாவது ஒழுங்காகச் செய்தீர்களா? ரத்தப் பரிசோதனை மெஷின் முடிவுகளை அனுப்பும் கணக்கும் என் குழுவில்தான் இருந்தது. நீங்களே போட்ட குழு, உங்களுக்கே நினைவில்லை. குழுவுக்கே உரிமை போனதால், லேபில் வந்த முடிவு டாக்டர் திரைக்கு வரவில்லை.

ஜேடர்பாளையத்திலிருந்து பாவாயி என்ற பெண் பிரசவத்துக்கு வந்திருந்தாள். ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டர் வசந்தாமணி பார்த்தது போன வாரத்து ரிப்போர்ட். அதில் குறை எதுவும் இல்லை. அன்று காலை எடுத்த ரத்தத்திலோ பிளேட்லெட் பாதாளத்துக்குப் போயிருந்தது. பார்க்க மட்டுமாவது விட்டுவைத்திருந்தீர்களே, அதனால் பழைய தேதி என் கண்ணில் பட்டது. லேபுக்கு ஓடி, தாளில் எழுதி வாங்கிக்கொண்டு தியேட்டர் கதவைத் தட்டினேன். டாக்டர் படித்துவிட்டுக் கையுறையைக் கழற்றினார். "கத்தி வெச்சிருந்தா ரத்தம் நின்னிருக்காது சாமி" என்றார். ஈரோட்டிலிருந்து ரத்தம் வரும்வரை எல்லோரும் காத்திருந்தோம்.

பெண் குழந்தை. தாயும் நன்றாக இருக்கிறாள். பாவாயியின் கணவர் லாரி டிரைவர். நடந்தது எதுவும் தெரியாமல், எதிரே வந்தவர்களையெல்லாம் கும்பிட்டுக்கொண்டு நின்றார். உங்களைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் நம்பியிருக்க மாட்டார். பெண்டாட்டியை மிரட்டுவதற்கு ஒருவன் ஆஸ்பத்திரியையே முடக்குவான் என்று அவருக்கு எப்படித் தோன்றும்?

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முன்னாலேயே சர்வர் அறையில் உட்கார்ந்து, அவர் பூட்டி வைத்திருந்த தலைமைக் கடவுச்சொல்லைப் போட்டு நிர்வாகி உரிமையைத் திரும்ப எடுத்தேன். மெஷினுக்குத் தனிக் குழு போட்டேன். உங்கள் கணக்கை நீக்கினேன். 'உறுதியாகவா?' என்று பேனல் கேட்டது. யோசிக்கவே இல்லை.

நேற்று உங்கள் அம்மா வந்தார்கள். "ஆம்பளப் பையன் கோவத்துல ஏதோ பண்ணிப்போட்டான், இதைப்போய்ப் பெருசு பண்றியே" என்றார்கள். பாவாயியைப் பற்றிச் சொன்னேன். "அவ நமக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்கள். நீங்கள் எங்கிருந்து வந்தீர்கள் என்று தெரிந்தது.

போலீசில் எழுதிக் கொடுக்கச் சொல்கிறார் டாக்டர். இன்னும் கொடுக்கவில்லை. உங்களுக்காக என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். பள்ளிக்கூடத்தில் அபிநயாவை யாரும் எதுவும் கேட்கக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவளோடு பேசுங்கள். என்னைப் பற்றி அவளிடம் எதையும் விசாரிக்க வேண்டாம். பொங்கலுக்கு இங்கே வர டிக்கெட் போட வேண்டாம். வெளியூர்ச் சாப்பாடு, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
அப்பா சென்னிமலையின் மகள்
தனப்பிரியா